ராமாமணி அக்கா வீட்டு ஆடும் கல்

ராமாமணி அக்கா வாசல் கல்லில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு போய்விட்டதாம், இனி எழுந்து நடப்பதே கஷ்டமாம். சிங்கப்பூரில் என்னோடு வேலை பார்த்த சுந்தரராஜுலு சொன்னார். அவருக்குச் சொன்னது அவர் மனைவி. மனைவிக்குக் கடிதம் எழுதியது பீளமேட்டில் இருக்கும் தங்கை. தங்கைக்கு யார் சொன்னார்கள் என்று கேட்கும் நிதானம் எனக்கு இல்லை. அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, சென்னை வழியாக மூன்றாம் நாள் சனிக்கிழமை பீளமேடு வந்து சேர்ந்தேன்.

கேட்டைத் திறந்தது அக்காதான். இடுப்பு இருந்த இடத்தில் இருந்தது.

"உழுந்தது நானில்ல கண்ணு, இன்சூரன்சு நஞ்சுண்டன். பாலிசி பேசலாம்னு வந்தாரு. அதுக்குள்ள கல்லு அவருகிட்டப் பேசிப்போட்டுது."

சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை அது. அக்காவின் மகன் ரவிதேஜா நியூஜெர்சியில் இருக்கிறான். மாமா இறந்த வருடமே, "நீ ஒரு தடவை விழுந்தாலும் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்துவிட வேண்டும்" என்று அவன் கேட்க, அக்கா சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். முப்பத்தோரு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள்; மகன் எழுதும் கடிதங்களில் எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்புகிறவள். பொய் சொல்ல மாட்டாள், வாக்கை மாற்றவும் மாட்டாள். அமெரிக்காவில் நாலு மாதம் இருந்தும் பார்த்துவிட்டாள். தெருவில் ஒரு சண்டை கிடையாதாம், எதிர் வீட்டில் என்ன குழம்பு என்று எட்டிப் பார்த்தால் போலீஸ் வருமாம். அங்கே போய் உட்காருவதைவிட பீளமேடு சுடுகாடு பரவாயில்லை, அங்காவது தெரிந்த முகங்கள் இருக்கும் என்பது அவள் கட்சி.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ரவிதேஜாவின் போன் வரும். சிங்கப்பூர் வரை வந்த வதந்திக்கு நியூஜெர்சி தூரமில்லை. அதற்குள் ஆடும் கல்லைச் சரி செய்துவிட்டு, "நானும் நல்லாயிருக்கேன், கல்லும் நல்லாயிருக்குது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும் என்று அக்கா கணக்குப் போட்டிருந்தாள்.

ஞாயிறு ஆறரை மணிக்கே கோட்டைமேட்டிலிருந்து யாகூப் பாய் சைக்கிளில் வந்துவிட்டார். எழுபத்து நாலாம் வருடம் அந்த வாசலுக்குக் கடப்பாக் கல் பாவியவர் அவர்தான். செருப்பைக் கழற்றி, கல்லின் நாலு மூலையையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார்.

"கல்லு மேல தப்பில்லீங்க டீச்சரம்மா. கீழ பெருச்சாளி குடியிருக்குதுங்க."

"புள்ளையாருக்கு வண்டி நிறுத்த எங்கூட்டு வாசல்தான் கெடச்சுதா?" என்றாள் அக்கா.

பாய் கடப்பாரையை இடுக்கில் கொடுத்து நெம்ப, அக்கா செங்கல்லை அண்டக் கொடுத்தாள். வேண்டாம் என்று நான் சொன்னதை இருவரும் காதில் வாங்கவில்லை. கல்லைத் தூக்கிச் சுவரில் சாய்த்தார்கள். அடியில் ஒரு குகையே இருந்தது. பாய் அதில் உடைசெங்கல்லைக் கொட்டி இடித்து, மணல் போட்டுத் தண்ணீர் விட்டுக் கெட்டிப்படுத்தி, மேலே மணலும் சிமெண்டும் கலந்து பரப்பினார். ரசமட்டத்தை என் கையில் கொடுத்து, நடுவில் குமிழ் நிற்கிறதா என்று பார்க்கச் சொன்னார். எனக்கு அந்த அளவு வேலைதான் நம்பித் தந்தார்கள்.

கல்லை இறக்கும்போதுதான் வந்தது வினை. ஆளுக்கொரு பக்கம் பிடித்து, தரைக்கு ஒரு சாண் உயரம் வரை கொண்டுவந்துவிட்டார்கள். கலவையில் துருத்திக்கொண்டிருந்த ஒரு செங்கல் சில்லை அக்கா கால் கட்டைவிரலால் தள்ளினாள்.

"பாரமுங்க, நீங்க உட்டுருங்க டீச்சரம்மா. நான் பாத்துக்கறனுங்க."

"இல்லீங்க பாய், நீங்க உடுங்க. நான் புடிச்சுக்கறேன்."

"அட, நீங்க மொதல்ல உடுங்க."

"நீங்க உடுங்கன்னா."

எங்கள் ஊரில் ஒருவர் இரண்டாம் தடவை சொன்ன பிறகும் மறுப்பது மரியாதை இல்லை. இருவரும் ஒரே நேரத்தில் மரியாதை கொடுத்தார்கள்.

பாய் கடப்பாரையை எடுத்து நெம்பி, அக்காவின் காலை வெளியே எடுப்பதற்குள் கட்டைவிரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. அக்கா கத்தவில்லை. தமிழில் ஒன்று, தெலுங்கில் இரண்டு என்று எழுத முடியாத மூன்று சொற்களைச் சொல்லிவிட்டு, படியில் உட்கார்ந்து காலை பக்கெட் தண்ணீரில் விட்டாள். கல் மட்டும் அச்சாக உட்கார்ந்துவிட்டது. குமிழ் நட்டநடுவில் நின்றது.

உள்ளே போன் அடித்தது. மணி எட்டு.

போனை எடுக்க நான் எழுந்தேன். "தொடாத" என்றாள் அக்கா. தண்ணீரில் விரலை மெல்ல அசைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"பாய், நீங்களே சொல்லுங்க. நான் உழுந்தனா?"

பாய் நெற்றி வியர்வையைத் துண்டால் ஒற்றினார். "நீங்க எங்கீங்க உழுந்தீங்க? கல்லுதானுங்க உழுந்துச்சு."

"காலு என்னாச்சுன்னு கேட்டா?"

பாய் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். அக்காவும் பார்த்தாள். போன் ஒருமுறை நின்று, மறுபடி அடிக்கத் தொடங்கியது.