இடிக்குப் பிடுங்கிய பென் டிரைவ்

என் மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க் செத்தபோது, கொட்டகலை பஜாரில் கணினி திருத்துகிறவர் ஒரு பென் டிரைவைக் கொடுத்தார். இயங்குதளம் முழுவதும் அதற்குள் இருக்கிறதாம்; சொருகினால் கணினி ஓடும். "எழுதுறத மட்டும் அணைக்க முந்தி வேற பென் டிரைவ்ல போட்டுக்கங்க சேர். இதுல ஒன்னும் தங்காது" என்றார். மூளை வெளியே, ஞாபகசக்தி கிடையாது. என் வயதுக்குப் பொருத்தமான இயந்திரம்தான்.

அப்போது டயகமையில் மச்சான் மகளுக்குக் கல்யாணம் வந்தது. வாழ்த்துரை என் பொறுப்பு. முந்திய கல்யாணமொன்றில் நான் பேசி முடிப்பதற்குள் சபை மொத்தமும் பந்திக்கு எழுந்து போயிருந்ததால், இம்முறை மானத்தை மீட்டாக வேண்டும். கல்யாணத்துக்கு முதல் நாள் காலையிலேயே உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினேன். ஒவ்வொரு வரியையும் அடுப்படியில் நின்ற மனைவிக்கு உரக்க வாசித்தும் காட்டினேன். தப்பியோட அவளுக்கு வழியில்லை.

பின்னேரம் இடி முழங்கியது. அதற்கு எங்கள் வீட்டில் வேலைப் பிரிவினை உண்டு: கொடியில் காயும் துணி எனக்கு, சொருகியிருப்பதெல்லாம் அவளுக்கு. நான் துணிக் குவியலோடு உள்ளே வந்தபோது டீவி வயர், டிஷ் வயர், ஃபிரிட்ஜ் வயர் எல்லாம் பிடுங்கிக் கிடந்தன. மேசையில், அவற்றின் கடைசித் தம்பியாக, என் பென் டிரைவ். திரை உறைந்திருந்தது.

"இத ஏன் புடுங்குன?"

"செவுத்துல சொருகுனாத்தான் இடி வருமா? மினுக்கு மினுக்குன்னு லைட்டு வேற எரிஞ்சிச்சு."

மறுபடி சொருகினேன். கணினி பச்சைக் குழந்தையாக எழுந்து, எந்த மொழி வேண்டும் என்று என்னையே கேட்டது. எழுதியது ஒன்றும் அதில் இல்லை. நான்கு பக்கத்தில் எனக்கும் "பெருமதிப்பிற்குரிய" மட்டுமே நினைவிருந்தது.

ரொட்டி தட்டிக்கொண்டே அவள் சமாதானம் சொன்னாள். "அந்த முறுக்கு போத்தல் கத நல்லாருந்திச்சிங்க. மத்ததெல்லாம் எனக்கு வெளங்கல."

டயகமையில் அதை மட்டும் சொன்னேன். மணப்பெண் சிறுபிள்ளையாக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது முறுக்குப் போத்தலுக்குள் கையை விட்டாள். முறுக்கை விட்டால்தான் கை வெளியே வரும் என்றோம். மாட்டேனென்று கையில் போத்தலோடு பஸ் ஏறிப் போனாள். பிடித்ததை விடுகிற பெண் இல்லை என்று மாப்பிள்ளையையும் எச்சரித்துவிட்டு உட்கார்ந்தேன். சபை குலுங்கிச் சிரித்தது. பந்தி ஆயத்தமாக இருந்தும் ஒருவரும் எழவில்லை.

மச்சானுக்கு நம்பிக்கை வரவில்லை. "என்னா மச்சான், இந்தத் தடவ இவ்வளவு சுருக்கமா முடிச்சிட்டீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"நேத்து இடி இடிச்சிச்சிண்ணே."