மோட்டார் கொட்டகையிலிருந்து காருக்கு ஒரு வயர்

1. முதல் நாள், மூன்றாம் நம்பர் கூடாரம்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலை பத்து மணிக்கெல்லாம் மூன்றாம் நம்பர் கூடாரத்தில் பிளக் பாயின்ட் உருகிவிட்டது. வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகி வழிந்து, சுவிட்ச் போர்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு கன்வெர்ட்டர் பிளக், அதிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதிலிருந்து இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். எல்லாவற்றுக்கும் முடிவில் தென்னை மர நிழலில் ஒரு எலெக்ட்ரிக் கார்.

"சார், இது ஃபேனுக்கும் போனுக்கும் போட்ட அஞ்சு ஆம்ப்ஸ் பாயின்ட். இதுல காரைப் போடலாமா?" என்று கேட்டேன்.

"பிளக் பாயின்ட்னா பிளக் பாயின்ட்தானே? அதுல எதைப் போடக் கூடாதுன்னு எழுதி வெச்சிருக்கீங்களா?" என்றார், சென்னையிலிருந்து வந்தவர்.

கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் எலெக்ட்ரிகல் மெயின்டெனன்ஸ் பார்த்துவிட்டு, சூப்பர்வைசராக ரிட்டயர் ஆனவன் நான். அங்கே பெர்மிட் எழுதாமல் ஒரு பல்பைக்கூடக் கழற்ற முடியாது. எவனாவது கழற்றினால் நான் போடும் சத்தத்தில் பாய்லர் சத்தம் அடங்கிவிடும் என்று பையன்கள் கேலி பேசுவார்கள். ரிட்டயர் ஆன மூன்றாம் மாதம் என் மனைவியின் தம்பி குமரவேல் வந்தான். குமராட்சி பக்கம் கொள்ளிடக் கரையில் அவனுக்குத் தென்னந்தோப்பு. அதில் எட்டுக் கூடாரம் அடித்து கேம்ப் சைட் ஆரம்பித்திருந்தான். சிதம்பரம் கோயிலுக்கும் பிச்சாவரம் படகுக்கும் வருகிறவர்கள் அங்கே தங்குவார்கள்.

"வூட்ல சும்மா உக்காந்து இன்னா மாமா பண்ணப் போறீங்க? வந்து கரண்டு வேலையப் பாத்துக்குங்க. ஜாஸ்தி வேலை இருக்காது" என்றான்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நம்பியது என் தப்பு.

2. பதினாலா, பதினாறா

கார் வைத்திருப்பவர்கள் வரத்தான் போகிறார்கள். அதனால் பார்க்கிங்கில் தனியாக ஒரு பதினாறு ஆம்ப்ஸ் பாயின்ட் போட்டேன். கூடாரங்களுக்கு வாங்கியிருந்த கமர்ஷியல் சர்வீஸிலிருந்து தனி கேபிள், தனி பிரேக்கர், கரியும் உப்பும் போட்டுப் புது எர்த் பிட், ஒரு சப் மீட்டர். ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு என்று போர்டும் எழுதி மாட்டினேன். இனி சண்டை இருக்காது என்று நினைத்தேன். சண்டையே அந்த போர்டில்தான் ஆரம்பித்தது.

ஒருவர் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார். "என் ஆப்புல பதினாலு யூனிட் ஏறியிருக்குன்னு காட்டுது. உங்க மீட்டர் பதினாறுங்குது. மிச்சம் ரெண்டு எங்க போச்சு?"

"சார்ஜ் ஆவும்போது கொஞ்சம் சூடா வீணாவும் சார். பாலைக் காய்ச்சினா சுண்டுதில்ல, அந்த மாதிரி."

"நான் பால் வாங்க வரல. என் கார்ல ஏறினதுக்குத்தான் குடுப்பேன்."

முக்கால் மணி நேரம். இரண்டு யூனிட்டுக்கு. கூடாரத்துக்கு அவர் கொடுத்த வாடகையில் அந்த இரண்டு யூனிட் ஒரு இளநீர் விலைகூட இல்லை. இன்னொரு நாள் ஒரு குடும்பம் தங்கவே இல்லை. இரண்டு காபி சொல்லிவிட்டு, காரை முழுசாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, "காபிக்குத்தான் காசு குடுத்தோமே" என்றது. மற்றொரு நாள் புதுச்சேரிக்காரர் ஒருவர், பெங்களூர்க்காரர் சொருகியிருந்ததைப் பிடுங்கிவிட்டுத் தன்னுடையதைச் சொருகினார். பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கம்பெனியில் பதினோரு கேவி லைன் டிரிப் ஆனபோதுகூட எனக்கு இவ்வளவு தலைவலி வந்ததில்லை.

குமரவேலுக்கு வேறு கவலை. "ஊட்டுக்கு வந்தவங்ககிட்ட கரண்டுக்குக் காசு கேக்குற மாதிரி அசிங்கமா இருக்குது மாமா. நம்ம குடும்பத்துல யாராச்சும் இப்படிக் கேட்டிருக்காங்களா?"

"கூடாரத்துக்கு வாடகை வாங்குற, அது அசிங்கமா இல்லியா?"

"அது வேற மாமா."

சொல்லிவிட்டு அடுத்த கூடாரத்துக்கு மெத்தை தட்டப் போய்விட்டான்.

3. ஆரஞ்சு வயர்

பங்குனியில் என் தங்கை மகள் கல்யாணத்துக்காக நான்கு நாள் பண்ருட்டியில் இருந்தேன். திரும்பி வந்தபோது பார்க்கிங்கில் ஒரே அமைதி. இரண்டு கார் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கிறது, யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. எனக்கே சந்தேகம் வந்தது. சப் மீட்டரைப் பார்த்தேன். நான் போகும்போது இருந்த ரீடிங் அப்படியே இருந்தது.

தோப்புக்குப் பின்னால் நெல் வயலை ஒட்டி குமரவேலின் மோட்டார் கொட்டகை இருக்கிறது. அங்கிருந்து ஓர் ஆரஞ்சு வயர் தென்னை மரங்களில் கட்டிக் கட்டி வந்து காரில் முடிந்தது.

"எப்படி மாமா?" என்றான் குமரவேல். முகமெல்லாம் சிரிப்பு. "மோட்டாருக்கு வர்றது விவசாய சர்வீஸு. மீட்டரே கிடையாது. மீட்டர் இல்லன்னா பதினாலா பதினாறான்னு கேள்வி ஏது? நாலு நாளா ஒரு சத்தம் இல்ல."

விவசாயிக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் கரண்ட் அது. பயிருக்குத் தண்ணீர் இறைக்க மட்டும்தான். அதில் ஒரு பல்பு கூடுதலாக எரிந்தாலே தப்பு. காருக்குச் சார்ஜ் ஏற்றினால் சர்வீஸையே கட் பண்ணிவிடுவார்கள். அதை நம்பித்தான் குமரவேலின் நவரைப் பட்டத்து நெல் நின்றது. பக்கத்தில் அஞ்சலை என்கிற பெண் குத்தகைக்கு எடுத்து நட்டிருந்த ஒரு ஏக்கருக்கும் அதே போர் தண்ணீர்தான். அந்த மேட்டுக்கு வாய்க்கால் எட்டாது. அவள் வீட்டில் ஐந்து பேருக்கு அந்த வருஷத்துச் சாப்பாடு அந்த ஒரு ஏக்கர்தான். பயிர் அப்போதுதான் பூத்திருந்தது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஐந்து நிமிஷமும் போதும், வயரைக் கழற்றியிருக்கலாம். கம்பெனியில் ஹெல்ப்பர் எவனாவது இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே கேட்டுக்கு வெளியே நிற்க வைத்திருப்பேன். ஆனால் இவன் மச்சான். முந்தாநாள்தான் கல்யாணத்துக்கு வந்து பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டவன். இங்கே முதலாளியும் அவன்தான்.

"இது தப்பு குமரவேலு" என்றேன்.

"ஞாயித்துக்கிழம வரைக்கும் வுடுங்க மாமா. லீவு முடிஞ்சதும் கழட்டிரலாம்."

சரி என்றேன். உண்மையைச் சொல்வதென்றால், அந்த அமைதி எனக்கும் பிடித்திருந்தது.

4. ஐந்து ஸ்டார்

ஞாயிற்றுக்கிழமை போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனது. அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம் மின்வாரிய செக்‌ஷன் ஆபீஸிலிருந்து அசிஸ்டென்ட் இன்ஜினியர் மேடம், இரண்டு லைன்மேன்களோடு வந்து இறங்கினார். சின்ன வயசு. குரலை உயர்த்தவே இல்லை. போனில் ஒரு படத்தைக் காட்டினார்.

எங்களிடம் தங்கிப்போன ஒரு புண்ணியவான் இன்டர்நெட்டில் எழுதியிருந்தார். அன்பான ஓனர், கார் சார்ஜிங் முற்றிலும் இலவசம், விவசாய மோட்டார் லைனிலிருந்தே நேராகக் கொடுத்தார், ஐந்து ஸ்டார். கூடவே ஒரு படம். சிவப்புக் கார், அதன் பின்னால் மோட்டார் கொட்டகை, கொட்டகைச் சுவரில் கறுப்பு பெயின்டில் சர்வீஸ் நம்பர். நன்றி சொல்வதற்கு அந்த ஆளுக்கு வேறு இடமே கிடைக்கவில்லை.

"நாலஞ்சு காருதான் மேடம். வந்தவங்க கேட்டாங்கன்னு..." என்று குமரவேல் கையைப் பிசைந்தான்.

"கார் இப்பவும் நின்னுக்கிட்டிருக்கு சார். நான் பாத்துட்டுப் பாக்காத மாதிரி போக முடியாது" என்றார் அவர்.

அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். லைன்மேன் கம்பத்தில் ஏறி இறங்க பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அபராதம் போட்டு, கட்டி, மறுபடி இணைப்பு வருவதற்குப் பதினேழு நாள் ஆனது. வாடகை ஜெனரேட்டர் கொண்டுவந்தோம். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் அது மூச்சு முட்டி நின்றது. பெரியது ஒன்று கிடைப்பதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. பிறகு வந்த தண்ணீரும் குமரவேலின் வயலைத் தாண்டி அஞ்சலையின் ஏக்கருக்குப் போவதற்குள் பாதியாகிவிடும். பால் பிடிக்கும் நேரத்தில் நிலம் வெடித்துக் கிடந்தது. குமரவேல் வரப்பில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். எந்த வாயால் திட்டுவது?

இப்போது கூடுதல் லோடு வாங்கி, கமர்ஷியல் லைனிலேயே இரண்டு பாயின்ட் நடக்கிறது. சார்ஜிங்குக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று புக் செய்யும்போதே வாங்கிவிடுகிறோம். "நான் அரை மணி நேரந்தான் போட்டேன், பாதிக் காசைத் திருப்பிக் குடுங்க" என்று கேட்கிறவர்கள் இன்றைக்கும் வருகிறார்கள். திருப்பித் தருவதில்லை.

5. அறுப்பு முடிந்த பிறகு

அறுவடை மெஷின் போன மறுநாள் காலையில் அஞ்சலை தோப்புக்கு வந்தாள். கையில் ஒரு பிடி நெல். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து ஊதினாள். பாதிக்கு மேல் பதராய்ப் பறந்தது. நானும் குமரவேலும் ஆளுக்கு இரண்டு மூட்டை நெல் தருவதாகச் சொன்னோம். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. சொல்கிற நிலையிலும் இல்லை.

அவள் சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன். போட்டிருந்தால் எனக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"நீங்க கல்யாணத்துக்குப் போயி வந்த மறுநாளே அந்த வயரு போவுறத நானும் பாத்தேண்ணே" என்றாள். "கேக்கலாம்னுதான் வந்தேன். நீங்க அது கீழயே நாற்காலி போட்டு உக்காந்து பேப்பரு படிச்சிக்கினு இருந்தீங்க. கரண்டு தெரிஞ்சவரே உக்காந்திருக்காரு, நமக்கு இன்னா தெரியும்னு திரும்பிப் போயிட்டேன்."

அப்படி உட்கார்ந்திருந்தது உண்மை. அந்த இடத்தில் நல்ல நிழல்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இது ஒன்றுதான் இருக்கிறது. தப்பான ஒரு வயருக்குப் பக்கத்தில் நீங்கள் சும்மா நின்றால் போதும், பார்க்கிறவர்கள் அது சரியான வயர் என்று நம்பிவிடுவார்கள். ஆகவே முதலில் கழற்றிவிடுங்கள். மச்சானிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.