வெள்ளாவிக்குப் போன ஆட்டு ரோமம்

எங்கள் வீட்டு ஆடுகள் சட்டை போட்டிருந்தன. இதைச் சொன்னால் இப்போது என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அப்போது புத்தலப்பட்டு ஊரே சிரித்தது. மனிதர்களே மேல்துண்டை உதறிப் போட்டுவிட்டு மரநிழல் தேடும் வெயிலில், எங்கள் அத்தை மாவுமூட்டைத் துணியை வெட்டித் தைத்து, ஆடுகளின் முதுகில் போர்த்தி, வயிற்றுக்கடியில் நாடாவை முடிந்து மேய்ச்சலுக்கு ஓட்டிக்கொண்டு போவாள். சந்தைக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். "இன்னாம்மா, ஆட்டுக்கெல்லாம் சட்ட தெச்சிக்கீற, உங்க அண்ணனுக்கு ஒண்ணு தெச்சிக் குடுக்கக்கூடாதா?" என்று கேட்டவர்களும் உண்டு. என் நைனா ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது தவிர மற்ற நேரங்களில் வெறும் வேட்டியோடுதான் இருப்பார்.

அத்தை நைனாவின் தங்கை. கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள் புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டவள். சித்தூர் மிஷன் பங்களாவில் இருந்த துரைசானிக்குத் துணையாகக் கொஞ்ச காலம் வேலை பார்த்தாள். கோடைக்கு நீலகிரி போன இடத்தில் அந்தத் துரைசானிக்கு ஆடு வளர்க்கும் ஆசை பிடித்துக்கொண்டது. நம் பக்கத்துச் செம்மறி போல இல்லை அவை. உடம்பு முழுக்கப் பஞ்சுப் பொதியாக மெல்லிய ரோமம் அடர்ந்த மலையாடுகள். ஒரு கிடாவையும் சில பெட்டைகளையும் ரயிலேற்றிக் கொண்டுவந்துவிட்டாள். வந்த கொஞ்ச நாளிலேயே துரைக்குச் சீமைக்குத் திரும்பும்படி உத்தரவு வந்தது. பங்களாவில் இருந்த பியானோவை ஒரு வக்கீல் எடுத்துக்கொண்டார். ஆடுகளை எடுத்துக்கொள்ள யாரும் வரவில்லை. அத்தை எடுத்துக்கொண்டாள்.

மலையில் பிறந்த ஆடுகளை எங்கள் ஊரில் உயிரோடு வைத்திருப்பதே பெரும் பாடு. பட்டிக்குக் கீற்றுக் கூரை போட்டு, உச்சிப் பொழுதில் தரையெல்லாம் தண்ணீர் தெளித்து, வெயில் ஏறுமுன் ஒரு மேய்ச்சல், தாழ்ந்தபின் ஒரு மேய்ச்சல் என்று அத்தை அவற்றைக் கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டாள். சட்டை போட்டது வெயிலுக்காக இல்லை. ரோமத்தில் மண்ணும் முள்ளும் சேராமல் இருந்தால்தான் அதற்கு மதிப்பு. அப்படியும் சட்டைக்குள் நுழைந்துவிடும் நெருஞ்சி முள்ளைப் பொறுக்கி எடுப்பது என் வேலை. ஆடு பொறுமையாக நிற்கும். நான்தான் நிற்கமாட்டேன்.

நைனாவுக்கு இந்த ஆடுகளைக் கண்டாலே ஆகாது. மாங்கன்றுக்கு இறைக்க வேண்டிய தண்ணீர் ஆட்டுப்பட்டிக்குப் போகிறதே என்று வயிறெரிவார். அந்தச் சமயத்தில்தான் புத்தூரிலிருந்து அத்தைக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அங்கே சபை உபதேசியார். பாதிரியார் ஐயர் வராத ஞாயிறுகளில் பிரசங்கம் செய்கிறவர். மனைவி இறந்து, சின்னப் பெண் ஒன்றை வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறவர். விதவை மறுபடி கல்யாணம் செய்துகொள்வது எங்கள் சபையில் வழக்கம்தான் என்பதால் நைனா உடனே தலையாட்டிவிட்டார். அத்தை ஆட்டவில்லை. ஆராதனை முடிந்து எல்லாரும் கோயில் வாசலில் நிற்கும்போதே சத்தமாகச் சொன்னாள்:

"நான் யார் ஊட்டுக்கும் போயி சோறாக்க மாட்டேண்ணா. ஆட்டு ரோமத்த வித்து என் காலுல நானே நிக்கறேன். விக்கலன்னா நீ சொல்ற எடத்துக்குப் போறேன்."

"வார்த்த மாற மாட்டியே?" என்றார் நைனா.

"மாற மாட்டேன். நீ மாறாம இரு."

சபை முழுக்கச் சாட்சி. நைனாவும் ரோமம் கத்தரிக்கும் மாசி மாசம் வரை பொறுப்பதாக ஒப்புக்கொண்டார். அதெல்லாம் எங்கே விற்கப்போகிறது என்பது அவர் நினைப்பு.

ஆனாலும் உபதேசியார் ஒருமுறை பார்க்க வந்தார். கறுப்புக் கோட்டும் குடையுமாக வந்த மனிதரை அத்தை வீட்டுக்குள் கூப்பிடாமல் நேராகப் பட்டிக்கே கூட்டிப்போய்விட்டாள். குளம்பு சீவுகிற நாள் அது. கிடாவைப் பிடிக்க ஆள் இல்லை. "புடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். அவரும் குடையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். கிடா அவரைப் புழுதியில் ஒருமுறை உருட்டி எடுத்தது. நைனா வீட்டு வாசலில் நின்றபடியே, "பாத்துப் புடிங்க! ஆனா உங்களுக்கு இன்னா, கை ஒடஞ்சா புத்தூர் கட்டு கட்டறதுக்கு உங்க ஊரிலேயே ஆளு கீறாங்க!" என்று கத்தினார். அவர் சிரித்தார். விழுந்தவர் எழுந்து மறுபடி போய்ப் பிடித்தார். அதன்பிறகு இரண்டு பேரும் பட்டியிலேயே ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கொண்டுவா, தவிடு கொண்டுவா என்று அத்தை என்னை அனுப்பிக்கொண்டே இருந்ததில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாமல் போனது.

பிறகு உபதேசியார் சித்தூரில் சபை வேலை என்று அடிக்கடி வந்தார். புத்தூரிலிருந்து சித்தூருக்கு வருகிறவர் சித்தூரைத் தாண்டி எங்கள் ஊருக்கு வந்து, ஆடுகளைச் சுகம் விசாரித்துவிட்டுத் திரும்பச் சித்தூருக்குப் போவார். பாதை அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர் வந்துபோகும் நாளில் அத்தை கீர்த்தனை முணுமுணுத்துக்கொண்டே பட்டியைக் கூட்டுவாள்.

மாசி வந்தது. துரைசானி விட்டுப்போன கத்தரிக்கோலால் அத்தையே ஒவ்வொரு ஆடாக மடியில் சாய்த்துக் கத்தரித்தாள். ரோமம் அறுந்து விழாமல், உரித்த தோல் மாதிரி ஒரே விரிப்பாகச் சுருண்டு வந்தது. மேலே பழுப்பு, உள்ளே பாலாடை நிறம். வேலூரிலிருந்து வியாபாரி ஒருவர் வந்து ஒரு பிடி எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் நெருடிப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். "இந்தப் பக்கத்துல இப்படி ஒரு ரோமத்த நான் பாத்ததே இல்ல. மொத்தத்தையும் எடுத்துக்கறேன். கழுவி சுத்தமா குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றோடு நைனா ஆளே மாறிப்போனார். அதுவரை "உன் ஆடு" என்று இருந்தவை "நம்ம ஆடுங்க" ஆகிவிட்டன. தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு வந்து ரோமத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மாங்கன்றுக்குப் போகும் வாய்க்காலைத் தானே பட்டிப் பக்கம் வெட்டிவிட்டார். மறுநாள் களி தின்னும்போது, "ஞாயித்துக்கிழம ஐயர்கிட்ட சொல்லி, வேற எடம் பாத்துக்கங்கன்னு புத்தூருக்கு ஆள் அனுப்பிடலாம்" என்றார்.

அத்தை களியை உருட்டிக்கொண்டே இருந்தாள், வாய்க்குப் போகவில்லை.

"அவள ஒரு வார்த்த கேளுங்களேன்" என்றாள் அம்மா.

"கேக்கறதுக்கு இன்னா கீது? ரோமம் வித்தா இங்கியே இருக்கறேன்னு அவதானே கோயிலாண்ட நின்னுக்கினு சொன்னா? நான் வார்த்த தவற மாட்டேன்."

அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முகமெல்லாம் சிவந்துபோய் எழுந்து கை கழுவப் போனாள். இத்தனை நல்ல சேதிக்கு யாராவது சோற்றைப் பாதியில் விட்டு எழுந்திருப்பார்களா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ரோமம் கத்தரித்த களைப்பு என்று நினைத்தேன்.

மறுநாள் நைனா மூட்டை கட்டுவதற்கு நல்ல சாக்கு வாங்கச் சித்தூருக்குப் புறப்பட்டுப் போனார். அத்தை ரோமத்தையெல்லாம் பெரிய கூடையில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு நடந்தாள். நானும் கூடவே போனேன். ஈஸ்டர் நெருங்கிக்கொண்டிருந்ததால் சலவைக்கார அம்மா எங்கள் சபையாரின் வெள்ளைப் புடவைகளையெல்லாம் உவர்மண்ணில் முக்கி, ஆவியில் வேகவைக்கும் வெள்ளாவிப் பானைமேல் அடுக்கிக்கொண்டிருந்தாள். அத்தையின் கூடையைப் பார்த்துவிட்டு, "இதி கூடானா அம்மா?" என்று தெலுங்கில் கேட்டாள். இதையுமா என்று அர்த்தம்.

"ஆமா, இதி கூடா. நல்லா வேகட்டும்" என்றாள் அத்தை.

"வெளுப்பா வருமா அத்தே?" என்று கேட்டேன்.

"வரும், வரும்."

ஒரு நிமிஷம் சும்மா உட்காராத அத்தை, அன்று அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து சுள்ளியை ஒடித்து ஒடித்துத் தானே தீயில் போட்டாள். நடுவில் ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகை அதிகம்.

காலையில் வெள்ளாவியைப் பிரித்தபோது புடவைகள் பளிச்சென்று இருந்தன. ரோமத்தைக் காணோம். அதற்குப் பதிலாக மஞ்சள் பூத்துச் சுருங்கி, ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு, பிண்ணாக்கு மாதிரி ஏதோ கட்டி கட்டியாகக் கிடந்தது. பிரிக்கப் பார்த்தால் பொடிப்பொடியாகக் கையோடு வந்தது. அத்தை அதையும் பத்திரமாகக் கூடையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

நைனா புதுச் சாக்குகளை மடிமேல் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தார். கூடைக்குள் கையை விட்டார். கட்டி ஒன்றை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாடி இது?"

"சுத்தமா வேணும்னு கேட்டாரே... அதான் வெள்ளாவியில வெச்சேன்" என்றாள் அத்தை, தலை குனிந்தபடி.

நைனா சாக்கையெல்லாம் தூக்கி எறிந்தார். ஒரு வருஷப் பாடு பாழாய்ப்போச்சு என்று தலையில் அடித்துக்கொண்டார். கொஞ்சம் அடங்கியதும், "சரி, போனது போவட்டும். அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று ஆரம்பித்தார். அம்மா அடுப்படியிலிருந்து தலையை நீட்டி, "அது எப்படி? மாசிக்குள்ள விக்கலன்னா புத்தூருக்குன்னுதானே பேச்சு? சபையே கேட்டுக்கினு இருந்துச்சே" என்றாள். நைனா அம்மாவை முறைத்தார். வார்த்தை தவறாதவர் என்ற பெயர் அவருக்கு ரொம்பப் பிடித்த பெயர். கடைசியில் அத்தையைப் பார்த்துக் கத்தினார்: "போ! போம்போது உன் ஆடுங்களையும் ஓட்டிக்கினு போ! ஒண்ணுகூட என் கண்ணுல படக்கூடாது!"

நான் விக்கி விக்கி அழுதேன். துணி வெளுக்கத் தெரியாத குற்றத்துக்கு ஒருத்தியை ஊரைவிட்டே அனுப்புவதா! அத்தை என்னை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

கல்யாண ஓலையைக் கோயிலில் வாசித்தார்கள். இந்த இருவரையும் இணைப்பதற்குத் தடை ஏதும் யாருக்காவது தெரிந்தால் சொல்லலாம் என்று ஐயர் வழக்கம்போலக் கேட்டார். அத்தைக்கு இஷ்டமில்லை என்ற தடை எனக்குத் தெரிந்திருந்தது. அத்தையைக் காப்பாற்ற வேறு ஆள் இல்லை என்று பாயிலிருந்து எழுந்து நின்றேன். வாயைத் திறப்பதற்குள் அம்மா பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துத் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். முன்னால் இருந்த அத்தை திரும்பி என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பயத்தை அவள் முகத்தில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எனக்கு அடி விழப்போகிறதே என்றுதான் பயப்படுகிறாள் என்று நினைத்து இன்னும் அழுதேன்.

கல்யாணம் முடிந்து அத்தை வண்டியில் ஏறினாள். சட்டை போட்ட ஆடுகள் பின்னாலேயே புத்தூருக்கு நடந்தன. நைனா வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டார்.

அடுத்த மாசிக்கு அவருக்குக் கோபம் ஆறி, எங்களைப் புத்தூருக்கு அழைத்துப்போனார். நாங்கள் போன நேரம் அத்தை கொல்லையில் ரோமம் கழுவிக்கொண்டிருந்தாள். தொட்டி நிறையப் பச்சைத் தண்ணீர். அதில் ரோமத்தைப் போட்டு, கசக்காமல், பிழியாமல், உள்ளங்கையால் மெல்ல அமுக்கி அமுக்கி எடுத்தாள். உபதேசியார் மாமாவின் பெண் பக்கத்தில் உட்கார்ந்து கழுவியதைப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தாள். நைனா மோர் குடித்துக்கொண்டே அதைப் பார்த்தார். "இப்பவாச்சும் கழுவக் கத்துக்கினியே" என்றார்.

மாமா வெள்ளை மனசுக்காரர். "கத்துக்கறதா? நான் மொத மொதல்ல பாக்க வந்த அன்னிக்கே எனக்குப் பெரிய பிரசங்கமே பண்ணாங்களே! சூடு பட்டா ரோமம் செத்துடும், உவர்மண்ணு பட்டா கரைஞ்சே பூடும், பச்சத் தண்ணி தவிர எதுவும் ஆகாதுன்னு!" என்று பெருமையாகச் சொன்னார்.

தொட்டிக்குள் அத்தையின் கை நின்றுவிட்டது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நைனா மோர் லோட்டாவைக் கீழே வைத்தார். நான்தான் கேட்டேன்.

"அப்புறம் ஏன் அத்தே வெள்ளாவியில வெச்சே?"

அத்தை தண்ணீரையே பார்த்துக்கொண்டு, "மறந்து பூட்டேன்" என்றாள்.

நைனா தங்கையையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "கிடா நல்லா மேயுதா?" என்று கேட்டார். மேயுது அண்ணா என்றாள் அத்தை.

எனக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு முக்கியமான விஷயத்தைப் போய் மறந்துவிட்டு, அந்த ஒரு மறதியால் வாழ்க்கையே தலைகீழாகிப்போனதே என்று அத்தைக்காக உருகினேன். விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபத்தில் என் முறை வந்தது. ஆண்டவரே, எங்கள் அத்தைக்கு நல்ல ஞாபகசக்தியைத் தாரும் என்று கண்ணீரோடு வேண்டிக்கொண்டேன்.

எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னது நைனாதான்.