வலிக்காகக் காத்திருந்தேன்

முதலில் கால்கள் வீங்கின. மெட்டியைக் கழற்ற முடியவில்லை. தலைப்பிரசவம், எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று சும்மா இருந்துவிட்டேன். கண்ணெதிரே பூச்சி பறக்கத் தொடங்கியதும், தறியில் இருந்த என் கணவர் முருகேசன் அப்படியே எழுந்து ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தார். தொண்ணூறுகளின் நடுவில், ஆரணியில்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு முன்சூல்வலிப்பு (கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறும் நோய், முற்றினால் வலிப்பு வரும்) என்றார். "மாசம் நெருங்கிடுச்சு. கொழந்தைய வெளிய எடுக்கறதுதான் நல்லதும்மா. வலி வர்றதுக்கு மருந்து போடறேன்."

ஆக்சிடோசின் (கருப்பையைச் சுருங்கவைக்கும் ஹார்மோன்) காலையிலிருந்து சொட்டுச் சொட்டாக ஏறியது. பக்கத்துக் கட்டில்காரி அலறிப் பெற்றெடுத்துவிட்டாள். எனக்கு ஒன்றுமே இல்லை.

"இன்னா, வலி வந்துகினு இருக்குதா?" கதவருகே நின்று முருகேசன் கேட்டார்.

"இல்லீங்க." அழுதுவிட்டேன். என் உடம்பே கோளாறு என்று எல்லாரிடமும் புலம்பினேன்.

மாலையில் டாக்டரம்மா பாட்டிலைக் கழற்றச் சொன்னார். "கோளாறெல்லாம் இல்ல. இத்தினி மாசமா புரோஜெஸ்டிரான் (கர்ப்பத்தைக் காக்கும் ஹார்மோன்) உன் கர்ப்பப்பைய அசையாம வெச்சிருக்குது. கடைசியிலதான் ஈஸ்ட்ரோஜன் (பெண்மை ஹார்மோன்) கை ஓங்கும். அப்பதான் இந்த மருந்து ஒட்டிக்க எடம் நெறைய உண்டாவும். இப்ப மருந்து வந்துச்சு, உக்கார எடமில்ல, அவ்ளோதான்."

அழுகை நின்றுவிட்டது. எனக்குள் இப்படியொரு வேலை நடக்கிறதா? பிளஸ் டூவில்கூட யாரும் சொல்லித் தரவில்லையே!

அழுத்தம் மாத்திரைக்கு அடங்கியது. மறுநாள் கருப்பை வாயை இளக்க ஒரு களிம்பு வைத்தார்கள். பிறகு மறுபடி அதே மருந்து. மதியம் இடுப்பில் ஒரு பிடிப்பு. விட்டது. மறுபடி பிடித்தது.

"வருதுங்க! வருதுங்க!" என்று கத்தினேன்.

நர்ஸ் வியந்துபோனார். "வலிக்குதுன்னு சிரிக்கிற மொத ஆளு நீதாம்மா!"

வெயில் தாழ்வதற்குள் மகள் பிறந்தாள். வெளியே முருகேசன் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தாராம்.

பால் ஊறிய பிறகு அவள் அழுதாலே போதும், வாய் வைக்கும் முன்பே ரவிக்கை நனைந்துவிடும். குடிக்கும்போது அடிவயிறு இறுகும். "ரெண்டும் அதே ஆக்சிடோசின்தான்" என்றார் டாக்டரம்மா. இந்த முறை பாட்டிலிலிருந்து அல்ல, என்னிடமிருந்தே வந்தது!

இதைப் படிக்கும் பெண்ணே, கால் வீங்கிக் கண்ணில் பூச்சி பறந்தால் என்னைப்போல் பொறுத்திருக்காதே. மருந்து ஏறியும் வலி வராவிட்டால் உன் உடம்பைத் திட்டாதே. அது இன்னும் தயாராகவில்லை, அவ்வளவுதான்.

மகள் இப்போது ஆறாம் வகுப்பு. போன வாரம் களம்பூர் பேருந்தில் யாரோ ஒருத்தியின் கைக்குழந்தை வீறிட்டு அழுதது. என் மார்பு சுருக்கென்றது. பால் வற்றிப் பல வருடம் ஆகிறது. சட்டென்று முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். உடம்புக்கு அது நேற்றுதான்.