காலி டிரம்முக்குள் ஒரு பிரபஞ்சம்

முனைவர் பட்டத்துக்காக நான் செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காற்றை உறிஞ்சி எடுத்த கலத்துக்குள், மின்னூட்டம் பெற்ற அணுக்களை மின்புலத்தால் ஒரு வளையமாகப் பிடித்து வைப்போம். பிடியைச் சட்டென்று மாற்றி வளையத்தைப் பெரிதாக்கினால் அணுக்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். அவற்றினூடே ஓடும் அதிர்வலைகளும் நீளும். விரிகிற பிரபஞ்சத்தில் ஒளி அலைகளுக்கு நேர்வதும் ஏறக்குறைய இதுதான்.

அதன் பிறகு கள்ளக்குறிச்சி பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த ஆராய்ச்சிக்கு அங்கே ஒரு வசதியும் கிடையாது. பாடம் நடத்தினேன். அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

தரச்சான்று கொடுப்பதற்காகக் கல்லூரியைப் பார்வையிட ஒரு குழு வருவதாகத் தகவல் வந்தது. இரண்டு நாள் கழித்து இயற்பியல் ஆய்வகத்துக்குள் போனால், வெள்ளிப் பெயிண்ட் அடித்த எண்ணெய் டிரம் ஒன்று நின்றது. பக்கவாட்டில் ஓட்டை போட்டுக் கண்ணாடி ஒட்டி, உள்ளே நீலநிற சீரியல் விளக்கு. மேலே ‘பிரபஞ்ச விரிவாக்க ஆய்வு மையம்’ என்று ஃப்ளெக்ஸ், அதில் என் படம். பெயிண்டையும் மீறிப் பழைய எண்ணெய் வாடை குமட்டியது.

தாளாளர் வந்தார். “நீங்க ஒண்ணும் பண்ண வேணாம் மேடம். பக்கத்துல நின்னுக்கினு ரெண்டு வார்த்தை சொன்னா போதும்.”

“இதுல காத்த உறிஞ்சற பம்ப்பே இல்லீங்க சார். உள்ள வெறும் காத்துதான் இருக்குது.”

“உள்ள இன்னா இருக்குதுன்னு யாரு பாக்கப்போறாங்க?”

குழு வந்த அன்று டிரம் பக்கத்தில் நின்று புகைப்படத்துக்குச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்மீதே அருவருப்பு வருகிறது. பிறகு பொறுக்க முடியாமல் குழுத்தலைவரிடம், “சார், இது காலி டிரம்” என்றேன்.

அவர் குனிந்து நீல வெளிச்சத்தைப் பார்த்தார். “சின்ன ஊருல இந்த முயற்சியே ஜாஸ்திம்மா” என்று ஏதோ எழுதிக்கொண்டார். நிமிர்ந்ததும் தாளாளரிடம், “கரியாலூர் அருவிக்கு வண்டி வந்துடுச்சா?” என்றார்.

எல்லாரும் அருவி பார்க்க மலைக்குக் கிளம்பிப் போனார்கள். வெள்ளைக் கோட்டு மாட்டி நிறுத்தப்பட்டிருந்த மாணவிகளில் மணலூர்பேட்டைப் பெண் ஒருத்தி மட்டும் என்னிடம் வந்து, “மேடம், நெஜமான மிஷின்ல இன்னா தெரியும்?” என்று கேட்டாள். கரும்பலகையில் வரைந்து காட்டினேன். மறுநாள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன்.

சில மாதம் கழித்து அவளே போன் செய்தாள். அடுத்த குழுவும் வந்து போய்விட்டதாம். புதிதாகச் சேர்ந்த மேடம் அந்தக் கண்ணாடியைக் காட்டி, உள்ளே அலைகள் நீள்வது தெரிகிறது என்றாராம். குழுவினரும் பார்த்துத் தலையாட்டினார்களாம்.