மூன்றாவது சாதனை

தொப்... தொப்... தொப்...

முன்னறையிலிருந்து அந்தச் சத்தம் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. அடுப்படியில் கேப்பைக் கூழைக் கிளறிக்கொண்டிருந்த அம்சாவின் கை, ஒவ்வொரு தொப்புக்கும் ஒரு கணம் நின்றது. 'பா. அம்சா, தலைவர், சிறுவளப்பாக்கம் ஊராட்சி' என்ற சீல், காகிதங்களின் மேல் விழுந்துகொண்டிருக்கிறது. பெயர் அவளுடையது. குத்துகிற கை அவள் கணவன் பாண்டுரங்கனுடையது. ஐந்து வருஷமாக இப்படித்தான்.

"அம்சா! ஜல்தி வா. ரெண்டு கையெழுத்து போட்டுட்டுப் போய் கூழு கிண்டு. திண்டிவனத்துல பிரஸ்காரன் ஆறு மணிக்குக் கடைய சாத்திடுவான்."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, பதவிக்காலம் முடியப்போவதால் அச்சடித்து ஊரெல்லாம் கொடுக்கவிருந்த 'ஐந்தாண்டு சாதனைகள்'. இன்னொன்று, மறுநாள் காலை திண்டிவனத்தில் நடக்கப்போகும் விசாரணைக்கு ஊராட்சியின் பதில்.

முதல் தாளில் பதினான்கு சாதனைகள். மூன்றாவதில் அம்சாவின் கண் போய் நின்றது.

'பெரிய ஏரி தூர்வாரி ஆழப்படுத்தப்பட்டது.'

அந்த ஏரியில்தான் நான்கு மாதங்களுக்கு முன்பு கலைமதி செத்துப்போனாள்.

அம்சா பிறந்தது கிளியனூரில். பத்தாம் வகுப்புவரை படித்தாள். பத்தொன்பது வயதில் பாண்டுரங்கனுக்கு வாழ்க்கைப்பட்டு மயிலத்தைத் தாண்டியுள்ள இந்த ஊருக்கு வந்தாள். மல்லாட்டை விளையும் கொல்லையும் மாடும் பிள்ளையுமாக இருபது வருஷம் ஓடிற்று. பிரசிடெண்டாக வேண்டும் என்று பாண்டுரங்கன் பத்து வருஷம் காத்துக் கிடந்தான். இரண்டாயிரத்து இருபத்தொன்றில் பதவி பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டபோது, மூன்று நாள் சோறு தின்னாமல் கிடந்துவிட்டு, நான்காம் நாள் அம்சாவை நிறுத்தினான். ஓட்டுக் கேட்ட நோட்டீஸில் அவன் படம்தான் பெரிது.

ஜெயித்த பிறகு ஊராட்சி அலுவலக நாற்காலியில் அவன் உட்கார்ந்தான். பக்கத்து பெஞ்சில் அவள்.

ஆனாலும் அந்த பெஞ்சிலிருந்து எழுந்து அவள் சில காரியங்கள் செய்தாள். முதல் கோடையில், மேட்டுத் தெருவுக்குக் குடிதண்ணீர் ஏறவில்லை. கீழே இருப்பவர்கள் குழாயிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள் என்று தெரிந்ததும், தொட்டி ஆபரேட்டரை அழைத்துக்கொண்டு வீடுவீடாகப் போய் மோட்டார்களைக் கழற்றினாள். முதலில் கழற்றியது சொந்தக் கொழுந்தன் வீட்டில். அன்று முதல் அந்த வீட்டில் அவளோடு பேச்சு கிடையாது. ஆனால் மேட்டுத் தெருவில் குடங்கள் நிறைந்தன.

அடுத்தது பேருந்து. கல்லூரிக்குப் போகும் பெண்கள் மெயின் ரோடுவரை இரண்டு மைல் நடந்தார்கள். காலை எட்டு மணி வண்டியை ஊருக்குள் திருப்பிவிடச் சொல்லி அம்சா பதினோரு முறை திண்டிவனத்துக்கு அலைந்தாள். மனுவை அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தவள் மேட்டுத் தெரு கோவிந்தம்மாளின் ஒரே மகள் கலைமதி. வண்டி வந்த முதல் நாள் முதலில் ஏறியவளும் அவள்தான். "அத்தே, சீட்டு கெடச்சிடுச்சி!" என்று ஜன்னல் வழியே அவள் கத்தியதைக் கேட்டு, அம்சா நடுத்தெருவில் நின்று அழுதாள். தகப்பனில்லாத பெண்ணுக்கு ஒரு இருக்கை வாங்கிக் கொடுத்துவிட்டோமே என்கிற அழுகை அது!

பிறகு ஏரி வந்தது.

தீர்மானப் புத்தகத்தில் வெற்றுப் பக்கத்தின் அடியில் அம்சா முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைப்பாள். மேலே எழுத வேண்டியதைப் பாண்டுரங்கன் பிறகு எழுதிக்கொள்வான். அதைத் தவறென்று அவள் நினைத்ததே இல்லை. புருஷன்தானே! போன வருஷம் மே தினக் கிராமசபையின்போது, தாய்க்கு முடியவில்லை என்று அவள் கிளியனூரில் இருந்தாள். திரும்பி வந்தபோது அவள் கையெழுத்துக்கு மேல் தூர்வாரும் தீர்மானம் எழுதியாகியிருந்தது; ஏரியில் பொக்லைன் நின்றது. மூன்றடிதான் தோண்ட வேண்டும். தோண்டியது பன்னிரண்டடி. மண் லாரி லாரியாக விலைக்குப் போயிற்று. அம்சா பார்த்தாள். தொடக்கவிழா என்று சொல்லி அவள் கழுத்தில் மாலையும் போட்டார்கள். வாங்கிக்கொண்டாள்.

ஐப்பசியில் மழை கொட்டியது. ஏரி நிரம்பியது. எந்த இடத்தில் எத்தனை ஆழம் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. சொல்வானேன்? அந்த ஊர்ப் பெண்களுக்கு ஏரி கால் பழக்கம். மதகடியிலிருந்து நடுவிலுள்ள குத்துக்கல் வரைக்கும் இடுப்பளவுத் தண்ணீர். கண்ணை மூடிக்கொண்டு நடப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பழக்கத்தில் நடந்த கலைமதி, குத்துக்கல்லுக்கு நாலடி இருக்கையில் அப்படியே உள்ளே போய்விட்டாள்.

இரண்டாவது தாளை அம்சா எடுத்துப் படித்தாள். 'மேற்படி மாணவி காதல் விவகாரத்தால் மனமுடைந்து, எச்சரிக்கைப் பலகை இருந்தும், தானாகவே நீரில் இறங்கி உயிரை மாய்த்துக்கொண்டார்.'

"இன்னாங்க இது? பலகை எங்க இருந்துச்சி?"

"இப்ப இருக்குதில்ல? நேத்து நட்டாச்சி. போடு."

"காதலு யாரு கூடயாம்?"

"அவ கிட்டயா கேட்டு எழுத முடியும்? பேஜாரு பண்ணாத அம்சா."

வாசலில் நிழல் தட்டியது. கோவிந்தம்மாள். பாண்டுரங்கனுக்குப் பங்காளி முறையில் தங்கை. மகள் போன பிறகு இந்த வீட்டு வாசலை அவள் மிதித்ததில்லை.

"வா கோவிந்தம்மா. உக்காரு."

"உக்கார வரல பிரசிடெண்டம்மா. எம்பொண்ணு தானா போய் வுழுந்துட்டான்னு எழுதிக்கிறீங்களாமே. மெய்யான்னு கேட்டுக்கினு போலாம்னு வந்தேன்."

பாண்டுரங்கன் சிரித்து மழுப்பப் பார்த்தான். "போன உசுரு வரப்போவுதா தங்கச்சி? இத்தப் போய் நோண்டிக்கினு..."

"நோண்டினது யாருண்ணே? நானா?"

"வயசுப் பொண்ணு. கையில செல்லு. உனக்குத் தெரியாம எத்தினியோ இருக்கும்."

"அந்த செல்லு என்னுதுண்ணே. ரீசார்ஜ் பண்ணாம மூணு மாசமா டார்ச்சு லைட்டாத்தான் இருந்துச்சி. எவன் கூட பேசியிருப்பா? கொல்லையில எலிங்க கூடயா?"

கோவிந்தம்மாள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, அம்சாவை மட்டும் பார்த்துச் சொன்னாள்.

"துணி தொவைச்சிக்கினு இருந்தோம். போர்வை தண்ணியில போயிக்கினு இருந்துச்சி. நாந்தான், 'கல்லாண்ட போவுது பாரு, போய் இழுத்துக்கினு வாடி'ன்னேன். நானே அனுப்பினேன் அவள. கால் வச்ச எடத்துல தரை இல்ல. அம்மான்னு கூட கத்தல. அதுக்குள்ள..." நிலைப்படியை விட்டு நிமிர்ந்தாள். "நான் அனுப்பித்தான் செத்தான்னு எழுது. ஒத்துக்கிறேன். தானா செத்தான்னு மட்டும் எழுதாத. கெட்ட பேரோட போவ வேணாம் எங்குழந்த."

பெற்றவள் தன் தலையில் பழியை ஏற்றுக்கொள்கிறாள். பழிக்கு உரியவள் எதிரே பேனாவோடு நிற்கிறாள்!

மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை இழுத்தாள். நின்றவாக்கிலேயே எழுதினாள்.

"ஏய், இன்னா எழுதுற?" பாண்டுரங்கன் எழுந்தான். "தீர்மானத்துல இருக்கிறது உன் கையெழுத்து. மொதல்ல உள்ள போறவ நீதான், தெரியுமா?"

"தெரியும்."

"புருஷனையும் இழுத்துக்கினு போவியா?"

அவள் எழுத்தை நிறுத்தவில்லை. அவன் கை நீண்டது. ஆனால் வாசலுக்கு வெளியே பால் சொசைட்டிக்குப் போகிற நாலு பேர் கேனோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீண்ட கையால் அவன் தன் பிடரியைச் சொறிந்துகொண்டான்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. படிச்சிக் காட்டு" என்றாள் கோவிந்தம்மாள்.

அம்சா கையெழுத்துப் போட்டுவிட்டுப் படித்தாள். ஏரி பன்னிரண்டடி தோண்டப்பட்டது; வெற்றுப் பக்கத்தில் கையெழுத்திட்டது நான்; லாரிகளைப் பார்த்தும் தடுக்காதது நான்; அன்று எச்சரிக்கைப் பலகை கிடையாது; கலைமதி போர்வையை எடுக்கப் போய்ப் பள்ளத்தில் விழுந்து இறந்தாள்.

கோவிந்தம்மாள் தாளை வாங்கி நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். கும்பிடவில்லை. அழவில்லை. வாசலில் இறங்கியவள் ஒருமுறை திரும்பினாள்.

"இத்த மொத லாரி போனப்பவே எழுதியிருக்கலாம்."

அம்சா தலை நிமிரவில்லை. கோவிந்தம்மாள் மேட்டுத் தெருவைப் பார்த்து நடந்தாள். வேடிக்கை பார்த்தவர்கள் அவளுக்கு வழிவிட்டு, மெதுவாகக் கலைந்து போனார்கள்.

பாண்டுரங்கன் வாசலுக்குப் போய்த் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். கடைசியாகப் போனவரிடம், "ஒண்ணுமில்ல மாமா, பொம்பளைங்க பேச்சி" என்று சொல்லிச் சிரித்தான். பிறகு உள்ளே வந்து, பட்டப்பகலில் கதவைச் சாத்தித் தாழ் போட்டான்.