கைப்பிரேக்கும் தக்கைத் தொப்பியும்

என் தந்தை பூதலிங்கம் பிள்ளை திருநெல்வேலியில் அம்மை குத்தும் உத்தியோகஸ்தர். ஊசிக்குப் பயந்து ஓடுகிறவர்களிடம், "அம்மனையும் கும்பிடு, ஊசியும் போட்டுக்கோ" என்பார்.

ஊர் ஊராய்ப் போக, 1911இல் பழைய சைக்கிள் ஒன்று வாங்கினார். அதற்குப் பிரேக் கிடையாது. நிறுத்த வேண்டுமானால் செருப்புக் காலை முன்சக்கரத்தில் அழுத்துவார். பாளையங்கோட்டையிலிருந்து ஆற்றுப் பாலத்துக்கு இறங்கும் சரிவில் அது போதாது. நான் ரயில்வே பட்டறையில் பிட்டர். விடுப்பில் வந்தபோது கைப்பிரேக் பொருத்தினேன். விழுந்தால் தலையில் அடிபடாமலிருக்க, துரைமார் போடும் தக்கைத் தொப்பியும் கொடுத்தேன்.

"ஏலே, தொர வேஷமான்னு சிரிப்பானுவ. சரிவுல பிள்ளையார் இருக்காருல்லா, அவரு பாத்துக்கிடுவாரு" என்றார்.

"ஊசிக்கு நீங்க சொல்லுததத்தான் நானும் சொல்லுதேன். பிள்ளையாரையும் கும்பிடுங்க, தொப்பியும் போட்டுக்கிடுங்க."

அப்பா தொப்பியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். அன்று முதல் இரண்டையும் தவறாமல் செய்தார்.

தை மாதம் ஒரு காலை, சரிவில் பிள்ளையார் கோயில் வந்ததும், சாமி முன்னால் தலையில் தொப்பி ஆகாதென்று கழற்றிக் கக்கத்தில் இடுக்கினார். ஓடும் வண்டியிலேயே இரண்டு கைகளையும் கூப்பினார். எதிரே வைக்கோல் வண்டி திரும்பியது. விழுந்ததில் தலை கல்லில் மோதி அங்கேயே இறந்தார். தொப்பியில் ஒரு கீறலும் இல்லை.

விபத்துக்குச் சைக்கிள்தான் காரணமா என்று, சேதி கேட்டு வந்த என்னையே போலீசார் சோதிக்கச் சொன்னார்கள். சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பிடியை அழுத்தினேன். உடனே நின்றது. பிரேக்கில் குறையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.